வின்ட்சர் அரச திருமணம்: ரயிலில் போய்விடலாம், திரும்புவது எப்படி?

மல்லிகா_ஃபெல்தம் | ஏப்ரல் 7, 2018

எல்லோருக்கும் வணக்கம். மே 19, சனிக்கிழமை, இளவரசர் ஹாரி–மேகன் திருமணத்தன்று வின்ட்சருக்குப் போய் வர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கோடைக்கு வந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் முழங்கால் வீங்கிவிடும். மணமக்கள் குதிரை வண்டியில் ஊரைச் சுற்றி வருவதைத் தெருவோரத்தில் நின்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்கிறார்.

நண்பகல் 12 மணிக்கு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் திருமணம், 1 மணிக்கு ஊர்வலம் என்று அறிவித்திருக்கிறார்கள். காரில் போவதை நினைத்தே பார்க்க முடியாது. நாங்கள் இருக்கும் ஃபெல்தத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது. காலையில் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஊர்வலம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக நிலையத்துக்கு வந்தால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அந்தச் சிறிய ஊரின் ரயில்கள் இவ்வளவு கூட்டத்தைத் தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம் | ஏப்ரல் 7, 2018

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும்.

வின்ட்சரில் இரண்டு நிலையங்கள். இரண்டும் கடைசி நிலையங்கள், பாதை அங்கேயே முடிந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிட நடைதான், ஆனால் தண்டவாளத் தொடர்பு கிடையாது.

முதலாவது, வின்ட்சர் கோட்டையின் காலடியில் இருக்கும் வின்ட்சர் அண்டு ஈட்டன் சென்ட்ரல். லண்டன் பாடிங்டனிலிருந்து பக்கத்து ஊரான ஸ்லவ் வரை வந்து, அங்கே இறங்கி, கிளைப் பாதை வண்டியில் ஏற வேண்டும். 4 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் தூரம், 6 நிமிடப் பயணம். பாதையும் ஒன்று, நடைமேடையும் ஒன்று. அந்தப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க முடியும். போய், ஆட்களை இறக்கி ஏற்றி, திரும்பி வர 20 நிமிடம்.

இரண்டாவது, தேம்ஸ் கரையில் இருக்கும் ரிவர்சைடு. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஸ்டெயின்ஸ் வழியாக நேர் வண்டி, ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரட்டைப் பாதை, இரண்டு நடைமேடைகள், 10 பெட்டி வண்டிகள் வரும். சனிக்கிழமைகளில் வழக்கமாக அரை மணிக்கு ஒன்று. ஃபெல்தத்திலிருந்து உங்களுக்கு இதுதான் வழி. ரிவர்சைடு பள்ளத்தில் இருப்பதால் அங்கிருந்து கோட்டைக்கு மேட்டில் ஏற வேண்டும். அம்மாவுக்கு அது மட்டும்தான் சிரமம்.

கணக்கன் | ஏப்ரல் 8, 2018

தண்டவாளம் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அனுமானங்கள் என்னுடையவை, தவறிருந்தால் திருத்துங்கள்.

நின்றவர்களையும் சேர்த்துப் பெட்டிக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்கிறேன். சென்ட்ரலில் 3 பெட்டி வண்டி மணிக்கு 3 முறை புறப்பட்டால் 900 பேர். ரிவர்சைடில் சிறப்பு வண்டிகள் விட்டு மணிக்கு 4 ஆக்கினால், 10 பெட்டி வீதம் 4,000 பேர். இரண்டும் சேர்ந்து மணிக்கு 4,900.

ஒரு லட்சம் பேர் வருவார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அவர்களில் 30,000 பேர் ரயிலில் வருவதாகக் கொண்டால், அத்தனை பேரையும் வெளியே கொண்டுபோக 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர்வலம் முடிந்து 2 மணிக்குத் தொடங்கினால் இரவு 8 தாண்டும். காலையில் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து மணிக்கு வருபவர்களும் இருப்பார்கள், பதினொரு மணிக்கு வருபவர்களும் இருப்பார்கள்; கூட்டம் தானாகவே பரவிவிடும். மல்லிகா அவர்களின் பயம் நியாயமானது.

ஓய்வு_நிலைய_அதிகாரி | ஏப்ரல் 8, 2018

தென்னக ரயில்வேயில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது மகனோடு ரெடிங்கில் இருக்கிறேன். வின்ட்சரின் இரண்டு நிலையங்களையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

கணக்கன் அவர்கள் போட்டது வண்டிக் கணக்கு. கூட்ட நாளில் நிலையத்தை நடத்துபவன் போடுவது கால் கணக்கு. ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் எப்படிக் கலையும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வரும்போது நாலு திசையிலிருந்தும் நாலு நேரத்தில் வந்தவர்கள், போகும்போது ஒரே தெருவில் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ரிவர்சைடு போன்ற கடைசி நிலையத்தில் வாசல் நடைமேடையின் ஒரு முனையில் இருக்கும். உள்ளே வந்தவன் கண்ணில் பட்ட முதல் பெட்டியில் ஏறப் பார்ப்பான். முதல் மூன்று பெட்டிகளில் மூச்சுவிட இடமிருக்காது, கடைசி நான்கு பெட்டிகள் பாதி காலியாகக் கிடக்கும். நிலைய அதிகாரி வண்டியை நிறுத்திவைத்து ஆட்களை முன்னே தள்ளிக்கொண்டு போவார். மணிக்கு 4 வண்டி என்று எழுதிவைத்தது அன்று 3 ஆகிவிடும்.

10 பெட்டி வண்டியில் பெட்டிக்கு இரண்டு கதவு, மொத்தம் 20 கதவு. 1,000 பேர் நடைமேடை முழுவதும் பரவி நின்றால் கதவுக்கு 50 பேர். நொடிக்கு ஒருவர் ஏறினாலும் ஒரு நிமிடத்தில் வண்டி நிறைந்துவிடும். அதே 1,000 பேர் ஒரு முனையில் குவிந்தால் பத்து நிமிடமும் போதாது. ஆகவே வரிசையை நிலையத்துக்கு வெளியே தெருவில் வைக்க வேண்டும். ஒரு வண்டி கொள்ளும் ஆட்களை மட்டும் எண்ணி உள்ளே விட்டு, தூரத்து முனையிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். தெருவில் நிற்பவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் நெரிசலில் யாரும் விழமாட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் ஒரு திருவிழா இரவில் இதைச் செய்யத் தவறி, ஒரு குழந்தை தண்டவாளப் பக்கம் சரிந்ததைப் பார்த்தேன். யாரோ ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார். இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது.

மல்லிகா அம்மா, உங்கள் தாயாரை 2 மணிக்கு நிலையத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். லாங் வாக் என்ற நீண்ட புல்வெளிச் சாலை இருக்கிறது. மர நிழலில் உட்காருங்கள். 5 மணிக்கு மேல் கிளம்புங்கள்.

பழைய_ஏடு | ஏப்ரல் 9, 2018

ஒரே ஒரு நடைமேடை என்று தண்டவாளம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது எப்படி ஒன்றானது என்பதையும் பேச வேண்டும்.

ரயில் தங்கள் ஊருக்கு வரக் கூடாது என்று முதலில் எதிர்த்தது ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஈட்டன் கல்லூரி என்ற பள்ளி. மாணவர்கள் லண்டனுக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம். ஸ்லவில் நிலையம் கட்டவும் தடை வாங்கினார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி நிலையம் கட்டாமலே 1838 ஜூனில் வண்டிகளை ஸ்லவில் நிறுத்தியது. டிக்கெட்டை ஒரு விடுதியில் விற்றார்கள். அதே மாதம் 28ஆம் தேதி விக்டோரியாவின் முடிசூட்டு விழா. மாணவர்களை லண்டனுக்கு அழைத்துப் போக, அதே ஈட்டன் கல்லூரி அதே கம்பெனியிடம் சிறப்பு ரயில் கேட்டு வாங்கியது. அரச விழாவுக்குச் சிறப்பு ரயில் என்ற வழக்கம் இந்தப் பாதையின் முதல் மாதத்திலேயே தொடங்கிவிட்டது.

1842 ஜூன் 13 அன்று விக்டோரியா தம் முதல் ரயில் பயணத்தை ஸ்லவிலிருந்துதான் தொடங்கினார். பிறகு எதிர்ப்பு தணிந்தது. இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வின்ட்சருக்குப் பாதை போட்டன. 1849 அக்டோபர் 8 அன்று இன்றைய சென்ட்ரல் திறந்தது, டிசம்பர் 1 அன்று ரிவர்சைடு. ஒரே ஊருக்கு ஒரே ஆண்டில் இரண்டு! சென்ட்ரல் பாதைக்காகத் தேம்ஸின் மேல் பொறியாளர் புரூனல் கட்டிய வில் வடிவ இரும்புப் பாலத்தில்தான் இன்றும் வண்டி ஓடுகிறது.

1897இல் விக்டோரியாவின் வைர விழாவுக்காக சென்ட்ரல் நிலையத்தைப் பெரிய வளைவும் கூரையுமாகப் புதுப்பித்துக் கட்டினார்கள். அப்போது பல நடைமேடைகள், இரட்டைப் பாதை. 1960களில் பாதையை ஒற்றையாக்கி, நடைமேடைகளையும் மூடினார்கள். இன்று அந்த அழகான கூரையின் கீழே கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. வண்டி நிற்பது பின்பக்கத்து ஓரத்தில். கூட்டத்துக்காகவே கட்டிய நிலையம் அது. கூட்டம் வரும் நாளில் வண்டிக்கு அங்கே இடமில்லை. என்னால் இதை வருத்தமில்லாமல் எழுத முடியவில்லை.

இன்னொன்று. டாட்செட் சாலையோரம் ரிவர்சைடின் நீண்ட செங்கல் சுவரைப் பாருங்கள். அகலமான வளைவுக் கதவுகள் வரிசையாக இருக்கும். குதிரைப் படையினர் குதிரைகளோடு நேரே நடைமேடைக்குப் போவதற்காக வைத்தவை. நிலைய அதிகாரி ஐயா சொன்ன, ஒரு முனையில் குவியும் சிக்கல் அன்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரிக்காசு | ஏப்ரல் 9, 2018

பழைய_ஏடு மன்னிக்க வேண்டும், நான் உடன்படவில்லை. ஆண்டில் ஒரு நாள் வரும் கூட்டத்துக்காக நான்கு நடைமேடைகளை வைத்துக் காப்பாற்ற முடியுமா? மற்ற 364 நாள்களும் அந்தக் கிளைப் பாதைக்கு 20 நிமிடத்துக்கு ஒரு சிறிய வண்டி போதும். அந்தச் செலவை நான் தினமும் நின்றுகொண்டே போகும் காலை வண்டிக்குச் செய்யட்டும். ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை வைத்து ரயில் திட்டம் போடக் கூடாது.

பழைய_ஏடு | ஏப்ரல் 9, 2018

ஒரு நாள் என்பது சரியான கணக்கில்லை. 1999இல் எட்வர்டின் திருமணம், 2005 ஏப்ரல் 9 அன்று சார்லஸின் திருமணம், இரண்டும் இதே ஊரில்தான் நடந்தன. 1901, 1910, 1936, 1952 ஆகிய ஆண்டுகளில் நான்கு மன்னர்களின் இறுதி யாத்திரையும் பாடிங்டனிலிருந்து ரயிலில் வின்ட்சருக்கு வந்தது. 1901இல் விக்டோரியாவின் சவப்பெட்டி வண்டியை நிலையத்திலிருந்து இழுக்க வேண்டிய குதிரைகள் குளிரில் மிரண்டு, கட்டு அறுந்து, கடைசியில் கடற்படை வீரர்கள் கயிறு கட்டித் தாங்களே இழுத்துப் போனார்கள். இதெல்லாம் போக, கோடையின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோட்டை பார்க்க வருபவர்கள் இருக்கிறார்கள். புதிதாகக் கட்டச் சொல்லவில்லை. இருந்ததைக் கைவிட்டதைத்தான் சொல்கிறேன்.

தண்டவாளம் | ஏப்ரல் 10, 2018

இரண்டு நிலையங்களையும் சுரங்கம் வழியாக இணைத்து, ஸ்லவிலிருந்து ஸ்டெயின்ஸ் வரை நேர் வண்டி விட வேண்டும் என்று வின்ட்சர் லிங்க் ரயில்வே என்ற திட்டம் சில ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. நடந்தால் இந்த விவாதமே தேவைப்படாது. மே மாதத்துக்கு அது உதவாது என்பதால் விடுகிறேன்.

ரிவர்சைடிலும் விருப்பம்போல் வண்டி சேர்க்க முடியாது. வாட்டர்லூ வரை ரெடிங் வண்டிகளோடு பாதையைப் பகிர வேண்டும். வழியெங்கும் லெவல் கிராசிங்குகள். டாட்செட்டில் ஊரின் நடுவிலேயே ஒன்று. வண்டி கூடக்கூட கேட் மூடியிருக்கும் நேரமும் கூடும், கூட்டத்தை ஏற்றி வரும் பஸ்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

அன்றே லண்டன் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியும் இருக்கிறது. மறுநாள் மே 20 அன்று நாடு முழுவதும் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. பழைய அட்டவணையின் கடைசி நாளில் இத்தனை சுமை. ரயில்வேயில் அட்டவணை போடுபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

ஸ்லவ்_வாசி | ஏப்ரல் 11, 2018

பத்து ஆண்டுகளாக ஸ்லவில் இருப்பவன் சொல்கிறேன். நடக்க முடிந்தவர்கள் கிளைப் பாதை வண்டிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கோட்டையிலிருந்து இறங்கி வின்ட்சர் பாலத்தைக் கடந்தால் ஈட்டன். 1970 முதல் அந்தப் பாலத்தில் மோட்டார் வாகனம் கிடையாது, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டும். ஈட்டன் தெருவைப் பிடித்து, கல்லூரியைத் தாண்டி நேரே நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஸ்லவ் நிலையம். அங்கே நான்கு பெரும்பாதைகள். என் பிள்ளைகளோடு பலமுறை நடந்திருக்கிறேன்; பாலத்தின் நடுவில் நின்றால் கோட்டை முழுவதும் தெரியும், கீழே அன்னங்கள்.

இளைஞர்கள் 5,000 பேர் இப்படி நடந்துவிட்டால், மல்லிகா அக்காவின் அம்மா போன்றவர்களுக்கு அந்த 6 நிமிட வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். இதை அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

மல்லிகா_ஃபெல்தம் | ஏப்ரல் 11, 2018

எல்லோருக்கும் நன்றி. நிலைய அதிகாரி ஐயா சொன்னபடியே செய்வதாக முடிவு. மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவிட்டேன்.

மல்லிகா_ஃபெல்தம் | மே 20, 2018

போய் வந்துவிட்டோம். நடந்ததை எழுதுகிறேன், அடுத்த முறை யாருக்காவது உதவும்.

விடியற்காலையில் கிளம்பினோம். ஃபெல்தத்தில் ஏறும்போதே பெட்டிக்குள் கொடிகள், காகித மகுடங்கள், தோரணங்கள். ஒரு பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். ரிவர்சைடில் இறங்கியதும் கூட்டம் நிற்காமல் நகர்ந்தது. பழைய_ஏடு சொன்ன வளைவுக் கதவுகளை அம்மாவுக்குக் காட்டினேன். ஒரு கதவின் மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "குதிரையும் ரயில் ஏறினதா?" என்று கேட்டார். அங்கே நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். மேடு ஏறும்போது இரண்டு இடத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தோம்.

வெயில் நன்றாக அடித்தது. தேவாலயத்தில் நடந்ததை லாங் வாக்கில் பெரிய திரையில் பார்த்தோம். மணமக்களின் வண்டி எங்களைக் கடக்க எடுத்துக்கொண்டது பத்து நொடிகூட இருக்காது. நான்கு வெள்ளைக் குதிரைகள், திறந்த வண்டி. அம்மா பார்த்தது மணப்பெண்ணின் தலை முக்காட்டைத்தான். "மெல்லிசாக இருக்கிறது, வேலைப்பாடு விளிம்பில் மட்டும்" என்றார். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வண்டி கோட்டைக்குள் நுழைந்ததும் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்பியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பேச்சுச் சத்தமில்லை, கால்களின் சத்தம். நாங்கள் எதிர்ப்பக்கம் நடந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். புளிச்சாதம் சாப்பிட்டோம். அம்மா அரை மணி நேரம் தூங்கினார். ஐந்தரைக்கு மெதுவாக இறங்கி வந்தபோது நிலையத்துக்கு வெளியே வரிசைத் தடுப்புகள் இருந்தன, வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அதிகம் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஐயா, உங்களுக்கு அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

கணக்கன் | மே 20, 2018

நான் 2 மணிக்கே கிளம்பியவன். வரிசையைப் பார்த்ததும் ஸ்லவ்_வாசி சொன்ன வழியில் பாலம் கடந்து நடந்துவிட்டேன். ஸ்லவ் வரை 70 நிமிடம். வழியில் என்னைப் போலவே நூற்றுக்கணக்கானவர்கள் நடந்தார்கள். முன்னே போகிறவர்களைப் பார்த்துப் பின்னே வருகிறவர்கள் வழி கண்டுகொண்டார்கள்.

என் பழைய கணக்கில் ஒரு பிழை. எல்லோரும் 2 மணிக்கு நிலையத்துக்கு வருவார்கள் என்று வைத்திருந்தேன். பாதிப் பேர் சாப்பாட்டுக் கடைகளிலும் புல்வெளியிலும் தங்கிவிட்டார்கள். கோடை வெயில் பல ரயில்களின் வேலையைச் செய்திருக்கிறது. இதே நாள் மழை பெய்திருந்தால் என் பழைய கணக்கு அப்படியே பலித்திருக்கும்.

வரிக்காசு | மே 21, 2018

அப்படியானால் இருப்பதே போதுமாக இருந்திருக்கிறது என்றுதானே ஆகிறது? நடைமேடைகள் தேவை என்று இன்னும் சொல்கிறீர்களா?

ஓய்வு_நிலைய_அதிகாரி | மே 21, 2018

தம்பி, எதுவும் கெடாத நாளில் போதுமாக இருந்தது. ஸ்லவ் பக்கத்தில் ஒரு சிக்னல் பழுதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டம் முழுவதும் ரிவர்சைடுக்குத் திரும்பியிருக்கும். ரிவர்சைடு கெட்டால் சென்ட்ரலால் அதைத் தாங்கவே முடியாது, அங்கே நிற்கக்கூட இடமில்லை. இரண்டு கால் உள்ள ஊரில் ஒரு கால் மெலிந்திருக்கிறது. எனக்குக் கவலை அதுதான்.

தண்டவாளம் | செப்டம்பர் 21, 2022

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த இழையை மேலே கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று முன்தினம், செப்டம்பர் 19, எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கு நாளில், பாடிங்டனுக்கும் ஸ்லவுக்கும் நடுவே ஹேய்ஸ் அருகில் மேல்நிலை மின்கம்பி சேதமடைந்து எல்லாப் பாதைகளும் அடைபட்டன. வின்ட்சருக்குக் கிளம்பிய பலர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். வாட்டர்லூ வழிதான் மிஞ்சியது. ஐயா 2018இல் எழுதியதை மறுபடி படித்தேன்.

1901இலிருந்து ரயிலில் வந்த மன்னர்களின் இறுதி யாத்திரை இந்த முறை சாலையில் வந்தது என்பதையும் பழைய_ஏடு கவனித்திருப்பார்.

பழைய_ஏடு | செப்டம்பர் 21, 2022

கவனித்தேன். வின்ட்சரில் ஒரு பாதை அடைபட்டாலும் இன்னொன்று இருப்பதற்குக் காரணம் 1849இல் இரண்டு கம்பெனிகள் போட்ட போட்டி. யாரும் இதற்காகத் திட்டமிடவில்லை. இன்றைக்கு ஒருவர் புதிதாக வரைந்தால் நிச்சயம் ஒன்றைத்தான் வரைவார்.

மல்லிகா_ஃபெல்தம் | செப்டம்பர் 22, 2022

நானும் அன்று போயிருந்தேன், தனியாக, ரிவர்சைடு வழியாக. அம்மா யாழ்ப்பாணத்தில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு தொலைபேசியில் பேசும்போது கூட்டத்தைப் பற்றியோ சடங்கைப் பற்றியோ கேட்கவில்லை. "அந்தக் குதிரைக் கதவுப் பக்கமாகத்தானே போனாய்?" என்றுதான் முதலில் கேட்டார்.